பெட்டியைத் திறந்து பார்த்த இடம்

எங்கள் கல்லூரி கட்டடக்கலைப் பிரிவை மூடுகிறது என்ற செய்தி வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, நான் கண்டி டவுனில் ஒரு பேக்கரியில் நின்று மீன் பணிஸ் தின்றுகொண்டிருந்தேன். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். பணிஸை முழுதாகத் தின்று முடித்துக் கையையும் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வந்துவிட்டால் லேசில் போகாது.

அது ஒரு சின்னத் தனியார் கல்லூரி. ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடி. உயர்தரப் பரீட்சையில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வேண்டிய இசட் ஸ்கோர் புள்ளி எனக்குக் கொஞ்சத்தில் தவறிப் போனதால் அங்கே சேர்ந்தேன். நான்கு வருடப் படிப்பில் இரண்டு வருடம் முடித்திருந்தேன். "மாணவர்கள் போதவில்லை, மன்னிக்கவும், முடித்த இரண்டு வருடங்களுக்குச் சான்றிதழ் தருகிறோம், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார்கள். மாறிக்கொள்ளுங்களாம்! பேராதனையில் இறங்கி வேறு பஸ் ஏறுவது மாதிரி.

எங்கள் வீடு மஹய்யாவையில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஒரு தனியார் வைத்தியசாலையில் ஆயா வேலை. வீட்டுக்கு ஒரே பிள்ளை நான். எங்கள் லேனில் யாருக்கும் ஒரு விஷயம் தெரிந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான், அதனால் அன்று பின்னேரமே ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"வீடு கட்டுறதுக்குத்தான் மேசன் பாஸ் இருக்காரே புள்ள. நீ எதுக்கு அதப் படிச்சிக்கிட்டு? பேசாம நர்சிங் போ. அம்மாவோட சேந்து போயிட்டு சேந்து வரலாம்."

இன்னொருவர் சென்னைக்குப் போகச் சொன்னார், அங்கே எல்லாரும் நம்ம ஆட்கள்தானே என்று. நம்ம ஆட்கள் என்று நாம் சொல்கிறோம், அவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குள் ஒரு சந்தேகம். இருந்தாலும் விசாரித்தேன். நான் கேட்ட இடங்களில் எல்லாம் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கினால் வரலாம் என்றார்கள்.

எனக்கு இருந்த கவலை இந்த ஒன்றுதான். அந்த இரண்டு வருடம். கண் வலிக்க வலிக்க வரைந்து, விரலை வெட்டி, பசை ஒட்டிய கையோடு சோறு சாப்பிட்ட இரண்டு வருடம். அதை யார் ஏற்றுக்கொள்வார்கள்? எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. முதலிலிருந்து தொடங்கு என்றால் நான் தொடங்கியிருக்க மாட்டேன். அம்மாவின் வைத்தியசாலையில் வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தால் நான் திரும்ப எழுந்து வரமாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். காசுக் கதையை இங்கே எழுதப்போவதில்லை, அது எல்லா வீட்டிலும் ஒரே கதைதான்.

தேடித் தேடி, மின்னஞ்சல் எழுதி எழுதிக் கடைசியில் இரண்டு இடம் மிஞ்சியது. இரண்டும் கொழும்புப் பக்கம். ஒன்று கடலைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம், இணையத்தில் பார்த்தாலே கண் கூசும். மற்றது நகரத்துக்கு வெளியே, பெயர் அவ்வளவாகக் கேள்விப்படாத ஒரு சின்னப் பல்கலைக்கழகம். இரண்டு பேருமே "சான்றிதழோடும் செய்த வேலைகளோடும் நேரில் வாருங்கள், எந்த வருடத்தில் சேர்ப்பது என்று பார்ப்போம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். என் மனதில் ஒரே நினைப்பு, எப்படியாவது மூன்றாம் வருடம்.

செய்த வேலை என்றால் வரைபடங்கள் ஒரு சுருள், ஒரு மொடல். அந்த மொடலில்தான் எனக்குப் பெருமை. எங்கள் லேன் மாதிரியான ஓர் இடத்துக்கு எட்டு வீடு, ஒவ்வொன்றும் இரண்டு மாடி, வெள்ளை அட்டையில் மாசு மரு இல்லாமல் செய்திருந்தேன். வாசல் கதவுகள் ரோட்டிலிருந்து தெரியாது. படிக்கட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். வீட்டுக்காரரின் தனிமைக்காக என்று அதற்கு நீளமாக ஒரு விளக்கம் எழுதி, கல்லூரியில் நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன்.

கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகிற அன்று காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தார். மொடல், ஸ்டாண்ட் ஃபேன் வாங்கியபோது வந்த நீளப் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டியைச் சுற்றி நாலு சுற்றுக் கயிறு.

"நான் நல்லா கட்டிட்டேன். நீ அவுக்காத, திரும்பக் கட்ட வராது" என்றார் அம்மா.

அம்மா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். நான் தனியே போகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே? இன்டர்சிட்டி பஸ்ஸில் எங்கள் இரண்டு பேர் மடியிலும் அந்தப் பெட்டி குறுக்கே கிடந்தது. கடுகண்ணாவை வளைவுகளில் அம்மா ஒரு கையால் பெட்டியையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தார், இரண்டில் எது கண்ணாடி என்று தெரியாதவர் போல.

அங்கே லிஃப்டில் ஏறி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தோம். சுருட்டைமுடிக்கார இளைஞர் ஒருவர் சிரித்த முகத்தோடு என் பெறுபேற்றுத் தாளை வாங்கினார். கணினியில் எதையோ தட்டினார். "வாழ்த்துகள். நேரடியாக மூன்றாம் வருடம்" என்றார். அவ்வளவுதான். தந்த தண்ணீரைக்கூட நான் குடித்து முடிக்கவில்லை.

"மொடல் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன்.

"அது தேவையில்லை. உங்கள் புள்ளிகள் நன்றாக இருக்கின்றன. திங்கட்கிழமைக்குள் வருகிறீர்களா என்று உறுதிப்படுத்தினால் போதும்."

பொய் சொல்ல மாட்டேன், அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே வந்து கடல் காற்றில் நின்று இறால் வடை வாங்கித் தின்றோம். அப்பாவுக்கு கோல் எடுத்தேன். "மூணாவது வருசமா? நேராவா? சபாஷ்டி!" என்று அவர் கத்தியது பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் கெடைக்கும்னு. நான் செய்ய வேண்டியத செஞ்சுட்டேன்ல" என்றார். கோயிலில் ஏதோ நேர்த்தி வைத்திருப்பார் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

பெட்டி கயிறு அவிழாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து அலுமாரிக்கு மேலே ஏறியது. அடுத்த இடத்து நேர்முகம் வெள்ளிக்கிழமை.

"அதான் கெடைச்சிருச்சே, இன்னொண்ணு எதுக்கு? அம்மாவுக்கும் ஒரு லீவு வீண்" என்றார் அப்பா.

"வர்றேன்னு சொல்லிட்டேன்ப்பா. போகாட்டி மரியாதை இல்ல" என்றேன். மரியாதையாவது மண்ணாவது! என் மொடலை யாராவது ஒரு ஆள் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போய், திறக்காமல் திரும்பக் கொண்டுவந்தது உள்ளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது. பார்த்து, "பிரமாதம், மூன்றாம் வருடம்" என்று அவர்களும் சொன்னால் பிறகு நிம்மதியாகக் கண்ணாடிக் கட்டடத்துக்கே போகலாம் என்பது என் திட்டம்.

இரண்டாவது இடம் ஒரு பழைய அச்சகம். அதைத்தான் திருத்திப் பல்கலைக்கழகமாக்கியிருந்தார்கள். உள்ளே போனதும் மரத்தூளும் பசையும் மணந்தன. ஒரு பையன் தரையில் உட்கார்ந்து எதையோ அறுத்துக்கொண்டிருந்தான், எங்களைப் பார்த்துக் காலை மட்டும் மடக்கி வழி விட்டான். அம்மாவை வெளியே வாங்கில் உட்காரவைத்துவிட்டு நான் பெட்டியோடு உள்ளே போனேன்.

அறையில் இரண்டு பேர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு சிங்களப் பெண் பேராசிரியர். பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளர். என் பெறுபேற்றுத் தாளை நீட்டினேன். பேராசிரியர் அதை வாங்கி மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"முதலில் பெட்டியைத் திறங்கள்" என்றார்.

அம்மா போட்ட முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் தந்தார்கள். வெட்டித் திறந்து மொடலைத் தூக்கி மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன்.

வெள்ளை வெளேரென்று நான் செய்த எட்டு வீட்டிலும் மஞ்சள். மஞ்சளுக்கு நடுவே குங்குமப் பொட்டு. ஒன்று தவறாமல், வரிசையாக, அளவெடுத்து வைத்த மாதிரி. கூரையில் காய்ந்துபோன ஒரு செவ்வந்தி. பெட்டிக்குள்ளிருந்து ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு வந்து, மேசையைக் கடந்து கீழே விழுந்தது. இளம் விரிவுரையாளர் குனிந்து அதை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

என் முகம் பற்றி எரிந்தது. அந்த நேரம் கோபம் தாமதிக்கவே இல்லை. கைக்குட்டையை எடுத்து ஒரு பொட்டைத் துடைத்தேன். மஞ்சள் போகுமா? அட்டையில் இன்னும் அகலமாக இழுபட்டது.

"அழிக்காதீர்கள். யார் வைத்தது இது?" என்று கேட்டார் பேராசிரியர்.

"என் அம்மா. மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரியாது."

"வெளியே இருக்கிறாரே, அவரா? கூப்பிடுங்கள்."

அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். வைத்தியசாலையில் பேசிப் பேசி அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பேரும் பேசியது சிங்களத்தில்தான். அம்மா சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன், எனக்கு அது அப்படித்தான் காதில் நிற்கிறது.

"புது வீடுதானே மெடம். நாலு பேரு கண்ணு படுறதுக்கு முந்தி மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கணும்ல? இது குளிக்கப் போன நேரம் பாத்து வச்சேன். முன்னாடியே சொன்னா கத்தும்."

பேராசிரியர் சிரித்தார். "நாங்களும் புது வீட்டில் பால் பொங்கவைப்போம். சரி, எங்கே எங்கே வைத்தீர்கள்?"

"வாசக்கதவுலதான். எட்டு வீட்டுக்கும் எட்டு வாசக்கதவு."

என்னால் பொறுக்க முடியவில்லை. தமிழிலேயே கத்திவிட்டேன்.

"அம்மா! அது வாசக்கதவு இல்ல! கக்கூஸ் குழாய் எறங்குற எடத்துக்குப் போட்ட மூடி!"

அம்மா வாயில் கை வைத்தார். "அடி ஆத்தே! கக்கூசுக்கா பொட்டு வச்சேன்?"

என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று பேராசிரியர் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். முதலில் இளம் விரிவுரையாளர்தான் வெடித்துச் சிரித்தார், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே. சிரிப்பு அடங்கியதும் பேராசிரியர் அம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டார். அதை வாசல் என்று ஏன் நினைத்தீர்கள்?

"வரிசையா எட்டுக் கதவு இருந்துச்சே மெடம். இது லயம்தானே? நான் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துல, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா வீடு இருக்குற லயத்துல பொறந்து வளந்தவ. பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு." அம்மா குனிந்து, மொடலின் கூரையை ஒரு விரலால் தடவினார். "எங்க லயத்த எவ்வளவு வடிவா செஞ்சிருக்கு பாருங்க. மாடி எல்லாம் வச்சி."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பேராசிரியர் அம்மாவுக்குக் கதிரை போட்டு உட்காரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். "உண்மையான வாசல் எங்கே?" காட்டினேன். "ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" தனிமை என்று தொடங்கி, எழுதிவைத்திருந்த விளக்கத்தை ஒப்புவித்தேன்.

"அது மொடலில் ஒட்டியிருக்கும் தாளிலேயே இருக்கிறது, வாசித்தேன். நான் கேட்பது, ஏன்?"

நான் வாதாடினேன். அம்மாவுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது, நிஜமாகக் கட்டினால் யாரும் மாறி யோசிக்க மாட்டார்கள், அந்த மூடிகளுக்கு வேறு நிறம் அடிப்பேன் என்று அடுக்கினேன். பேராசிரியர் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். முடித்த பிறகும் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எனக்குப் பழக்கமில்லாதது. கடைசியில் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"கதவுகள் வரிசையாக வந்தால் லயம் மாதிரி இருக்கும். எனக்கு அப்படி இருக்கக் கூடாது. அதனால்தான்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. "என்னா சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கூரையிலிருந்த செவ்வந்தியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன்.

பேராசிரியர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எண்ணெய்த்தாள் சுருள் ஒன்றை இழுத்து மொடலுக்குப் பக்கத்தில் விரித்தார். "சரி. எட்டுக் கதவையும் ரோட்டுப் பக்கம் கொண்டுவாருங்கள். என்ன ஆகிறதென்று பார்ப்போம்."

வரைந்தேன். லயம் மாதிரியே இருந்தது. இன்னொன்று வரைந்தேன். இளம் விரிவுரையாளர் எலுமிச்சம்பழத்தை ஒருவழியாக ஜன்னலில் வைத்துவிட்டு, பென்சிலோடு வந்து உட்கார்ந்தார். "இங்கே சும்மா இரண்டு படி போட்டால், யாராவது உட்கார்ந்து பேசுவார்களா?" என்று கேட்டார். பேசாமல் இருப்பார்களா, எங்கள் லேனில் உட்கார இடம் இல்லாமலேயே நின்றபடி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் என்றேன். அப்படியென்றால் எங்கே நிற்பார்கள், மழை வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டார், அவர் கேட்கக் கேட்க நான் வரைந்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, மூன்றாம் வருடம்கூட ஞாபகமில்லை. அம்மாவுக்கு யாரோ தேநீர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பகல் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. இரண்டு வருடப் படிப்பில் எனக்கு அப்படி ஒரு காலை கிடைத்ததில்லை. வாய்விட்டுச் சொல்வதென்றால், நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் பேராசிரியர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உங்கள் கோடு நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக உங்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. மூன்றாம் வருடத்தில் போட்டால் தாங்க மாட்டீர்கள். வருவதென்றால் இரண்டாம் வருடத்துக்கு வாருங்கள்."

நன்றி சொன்னேன். அட்டைப் பெட்டியைத் தூக்கினேன். வெளிவாசல்வரை நல்ல பிள்ளையாக நடந்து வந்து, பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன்.

திரும்பும்போது சாதாரண பஸ்தான் கிடைத்தது. ஜன்னலோரம் அம்மா. நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர் திடீரென்று, "என்னாலதானே?" என்றார்.

"என்னாது?"

"கக்கூசுக்குப் பொட்டு வச்சு ஒன் ஒரு வருசத்த நாசமாக்கிட்டேன். நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கணும்." அம்மா அழவில்லை. வைத்தியசாலையில் யாருக்காவது கடுமை என்றால் வீட்டுக்கு வந்து ஒரு குரலில் சொல்வாரே, அந்தக் குரல்.

இல்லம்மா என்றேன். அவர் நம்பவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "நீ உள்ள அந்த மெடத்துக்கிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னியே, அதுக்கப்புறம்தான் அவுங்க மொகம் மாறிச்சு. என்னயப் பத்தியா?" என்றார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். லயம் மாதிரி இருக்கக் கூடாதென்றுதான் வாசலை ஒளித்து வைத்தேன் என்று, தமிழில், மெதுவாக, முன் இருக்கைக்காரருக்குக் கேட்காத மாதிரி.

வரக்காபொலையில் பஸ் தேநீருக்கு நின்றது. அம்மா இறங்கிப் போய் எள்ளுருண்டை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"லயம்னா எனக்கும் ஆகாதுடி. அந்தப் பொகையும் ஒழுக்கும் யாருக்கு வேணும்? ஆனா கதவத் தொறந்தா எதிர்ல ஆளு இருக்கும். அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு ஓர் உருண்டையைக் கடித்தார். கடித்தவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போனேன். பார்த்தால் சிரிப்பு. "எட்டுக் கக்கூசு! ஒண்ணு விடாம! சூடம் வேற காட்டப் பாத்தேன்டி, அட்டை பத்திக்கும்னு விட்டேன்!"

எனக்கும் பிய்த்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கேகாலை தாண்டியும் எங்களால் நிறுத்த முடியவில்லை. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார்.

வீட்டில் அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யோசிக்கிறேன் என்று சொன்னதுமே அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"யோசிக்க என்னா இருக்கு? ஒருத்தன் மூணாவது வருசம் தர்றேங்கிறான். இன்னொருத்தி பின்னால போங்கிறா. ஏறுன படியில இருந்து யாராச்சும் எறங்குவாங்களா? ஒனக்கு என்னா பைத்தியமா?"

"பைத்தியம் இல்லப்பா."

"பின்ன? ஒரு வருசம்னா சும்மாவா? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்லுவேன், எம்புள்ள பெயிலுன்னா?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. என் மனதிலும் பாதி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாம் வருடம் என்றால் என்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டும். முடித்ததையே திரும்பச் செய்ய வேண்டும். கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனால் எல்லாரையும் போல, தலை நிமிர்ந்து, இரண்டே வருடத்தில் முடித்துவிட்டு வரலாம். சனி முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தேன். ஞாயிறு, மொடலை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். அந்த மஞ்சள் வரிசையைப் பார்க்கப் பார்க்க, கல்லூரியில் இதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த ஆசிரியர் ஒருவர்கூட வாசல் எங்கே என்று கேட்கவில்லையே என்பதுதான் வந்து வந்து போனது. நன்று என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களும் பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைகளின் அட்டை வீடு.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிக் கட்டடத்துக்கு கோல் எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை எடுத்தது, இனிமையான குரல்.

"நான் சேர்ந்தால், என் பழைய வேலைகளை யாராவது விரிவுரையாளர் ஒருவர் பார்ப்பாரா?" என்று கேட்டேன்.

"இல்லை மிஸ், அதற்கு அவசியமே இல்லை. உங்களுக்கு இரண்டு வருடமும் அப்படியே கிடைத்துவிடும். நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்" என்றது.

பாவம், அது எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னது. அந்த இரண்டு வருடத்தை ஏற்றுக்கொள்ள ஓர் இடம் தேடித்தானே இவ்வளவு அலைந்தேன்! இவர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓரமாக வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்து பார்த்தவர்கள்தான் ஒரு வருடத்தைக் கழித்தார்கள். மற்றதைத் தந்ததும் அவர்கள்தான்.

"நான் வரவில்லை, மிக்க நன்றி" என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அடுத்து பழைய அச்சகத்துக்கு எடுத்தேன். பேராசிரியரே பேசினார். இரண்டாம் வருடத்துக்கு வருகிறேன் என்றேன். "நல்லது. வரும்போது கூர்மையான கத்தி ஒன்று கொண்டுவாருங்கள், அந்த மொடலை வெட்டித்தான் தொடங்கப்போகிறோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்று, "என்னாலயா?" என்றார் மறுபடியும்.

"ஆமா. ஒன்னாலதான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்கு எப்படி அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ, முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பஸ் போயிரும் விடு என்று ஓடினார்.

அப்பா மட்டும் மனம் இறங்கவில்லை. திட்டவும் இல்லை. சாப்பிட்டாயா, பல்பை அணை, கதவைச் சாத்து என்பதோடு பேச்சு முடிந்தது. கத்துகிற மனிதர் கத்தாமல் இருந்தால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது! கிளம்புகிற நாள் வரைக்கும் இப்படியே போனது.

கிளம்பிய அன்று நல்ல மழை. பெட்டி, படுக்கை, வரைபலகை எல்லாவற்றையும் அப்பாதான் ஆட்டோவில் ஏற்றினார். தானே பொலித்தீன் போட்டு மூடினார். கட்டுகஸ்தோட்டை வீதியில் வாகனங்கள் நகரவேயில்லை. கண்ணாடித் துடைப்பானின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் குறைந்தா போய்விடுவார்?

குட்செட் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், அப்பாவுடன் முன்பு ஒரே தரிப்பிடத்தில் ஆட்டோ ஓட்டிய அங்கிள் ஒருவர் குடையோடு வந்தார். ஒரு பையை வாங்கிக்கொண்டார்.

"எங்க மகளே, கொழும்புக்கா? கெம்பஸா? எத்தனாவது வருசம் இப்ப?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மூன்று என்று சொல்லப்போகிறார், சொல்லிவிட்டுப் போகட்டும், நான் திருத்தப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வரைபலகையிலிருந்த மழைத் தண்ணீரைச் சட்டையாலேயே துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டாவது வருசம். இங்க முடிச்சத அங்க திரும்பப் படிக்கணும்னுட்டாங்க" என்றார், பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "சும்மா யாரையும் சேத்துக்க மாட்டாங்க அங்க. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துதான் எம்மகள எடுத்திருக்காங்க."